எஃப்ராயின் வரைந்த பத்து விரல்கள்

அனுப்புநர்:
ஸோய்லா கிஸ்பி,
ரொட்டிக்கடை, தோதோஸ் சாந்தோஸ் தெரு,
குவெங்கா.

பெறுநர்:
மாகாணப் பண்பாட்டு அலுவலர் அவர்கள்,
குவெங்கா.

பொருள்: ‘நம் பிள்ளைகள் படித்த நூறாண்டு’ கண்காட்சிக்கு இரவல் கொடுத்த பாலபாட நூலில் என் தம்பியின் பென்சில் எழுத்தை அழித்துவிட்டது, எஞ்சியதைக் காப்பாற்றக் கோருவது தொடர்பாக.

பார்வை: இரவல் ரசீது எண் 117, நாள் 3.6.1974.

மதிப்பிற்குரிய ஐயா,

மனு என்றால் பணிவாகத் தொடங்க வேண்டும் என்றார்கள். பணிவாகவே தொடங்குகிறேன். எத்தனை வரி தாங்கும் என்று எனக்கே தெரியாது.

1. சென்ற மே மாதம் வானொலியில் தங்கள் அறிவிப்பைக் கேட்டேன். நம் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று ஊருக்குக் காட்டப் போவதாகவும், வீட்டில் பழைய பாலபாடமோ கதைப் புத்தகமோ இருந்தால் இரவல் தரும்படியும் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

2. அது 1932இல் நான் பள்ளியில் சேர்ந்தபோது, இதே ரொட்டிக்கடையை அன்று நடத்திய அப்பா வாங்கியது. பாரிஸில் அச்சானது. எனக்குப் பின் தங்கை லுஸ்மிலா படித்தாள், அவளுக்குப் பின் தம்பி எஃப்ராயின் படித்தான். அதில் வரும் பிள்ளைகள் எல்லோரும் சப்பாத்து போட்டிருப்பார்கள். எங்கள் மூவருக்கும் அப்போது சப்பாத்து கிடையாது. இருபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு பையன் வளையம் உருட்டிக்கொண்டு ஓடுவான். எஃப்ராயின் அந்தப் பையனின் சப்பாத்துகள் மேல் காலுக்கு ஐந்தாகப் பத்து விரல்களை வரைந்து, கீழே “இப்பத்தான் இவனால ஓட முடியும்” என்று எழுதி வைத்தான். அதற்கும் கீழே லுஸ்மிலாவின் கையெழுத்து: “புஸ்தகத்துல கிறுக்காதடா கழுதை, அப்பாகிட்ட சொல்லிடுவேன்.” அவள் சொல்லவில்லை.

3. 1942 மார்ச்சில் எஃப்ராயின் டைபாய்டு கண்டு இறந்தான். வயது ஒன்பது. மருத்துவர் சொன்னபடி அவன் பாய், சட்டை, நோட்டுகள் எல்லாவற்றையும் அப்பா கொல்லையில் போட்டு எரித்தார். பாலபாடம் அன்று லுஸ்மிலாவிடம் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் தப்பியது. எங்களிடம் அவன் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. அவன் இந்த உலகத்தில் இருந்தான் என்பதற்கு அந்தப் பென்சில் எழுத்துதான் இருந்தது.

4. இம்மாதம் 13ஆம் தேதி, லோஹாவிலிருந்து பேருந்தில் வந்த லுஸ்மிலாவை அழைத்துக்கொண்டு கண்காட்சிக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே இருபத்திரண்டாம் பக்கம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. பளிச்சென்று இருந்தது. “இது நம்மளுது இல்லக்கா, நம்மளுதுல விரல் இருக்குமே” என்றாள் அவள். அட்டையின் மூலையில் என் அடுப்புத் தட்டு சுட்ட தழும்பைக் கண்டபிறகுதான் இருவருக்கும் விளங்கியது. லுஸ்மிலா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

5. பொறுப்பாளர் திரு. ஹெலியோதோரோ செகர்ரா பெட்டியைத் திறந்து காட்டினார். அவர் கெட்டவர் அல்லர், அதுதான் என் வயிற்றெரிச்சல். “எவ்வளவு கிறுக்கல் தெரியுமாம்மா? இந்த ஒண்ணுக்கே நாலு நாள் உக்காந்து துடைச்சோம். ரப்பர் போட்டா தாள் கிழிஞ்சிடும்னு ரொட்டியைப் பிசைஞ்சு ஒத்தி ஒத்தி எடுத்தோம். சந்தோஷப்படுவீங்கன்னு பார்த்தா, சண்டைக்கு வர்றீங்களே!” என்றார். எந்த ரொட்டி என்று கேட்டேன். “உங்க கடை ரொட்டிதாம்மா. இதுக்கு நேத்து ரொட்டிதான் தோது” என்றார்.

6. ஐயா, ஜூலை முழுவதும் தங்கள் பணிப்பெண் தர்ஹேலியா மாலைதோறும் கடைக்கு வந்து முந்தின நாள் ரொட்டி கேட்டு வாங்கிப் போனாள். “என்னடி, ஆபீஸ்ல புறா வளர்க்கறீங்களா?” என்று கேலி செய்து, பெரிதாகப் பார்த்து எடுத்து நானேதான் கொடுத்தேன். நான் பிசைந்து, நான் சுட்ட ரொட்டி. மூன்று நாளாக மாவில் கை வைக்க மனம் வரவில்லை. கடை மூடிக் கிடக்கிறது.

7. அதே பெட்டியில் அதே பதிப்பின் வேறு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒரு பிள்ளையின் கைகூடப் படாதவை. அச்சடித்ததைக் காட்ட அவை போதாதா? பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று காட்டுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு, ஒரு பிள்ளை படித்ததற்கு இருந்த சாட்சியைத் துடைத்துவிட்டு, மேலே பலகையில் அதே தலைப்பை எழுதி மாட்டியிருக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா என்று கேட்க இந்தத் தாளில் இடம் உண்டா தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

8. இப்போது அவசரம் இதுதான். லுஸ்மிலா அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். எஃப்ராயின் எப்போதும் பென்சிலை அழுத்தித்தான் எழுதுவான். கரி போய்விட்டது, பள்ளம் போகவில்லை. பத்து விரல்களையும் எண்ணினோம். ஆனால் கண்காட்சி ஞாயிறோடு முடிகிறதாம், திங்களன்று தாள்களை ஈரப்படுத்தி, அழுத்துபொறியில் வைத்துத் தட்டையாக்கிப் புதிதாகத் தைக்கப் போகிறார்களாம். அதற்குப்பின் அந்தப் பள்ளமும் இருக்காது. இப்போதே கொடுங்கள் என்றால், டிசம்பர் வரை இரவல் என்று நான் கையெழுத்திட்ட ரசீதைக் காட்டுகிறார் திரு. செகர்ரா.

9. ஆகவே, எங்கள் நூல் அழுத்துபொறிக்குப் போகாமல் இன்றே எழுத்துமூலம் தடுத்து, அதை எங்களிடம் திருப்பித் தர வேண்டும். பிறர் கொடுத்த நூல்களில் இன்னும் நாற்பது துடைக்கப்படாமல் இருப்பதாகத் தர்ஹேலியா அழுதுகொண்டே சொன்னாள். அவற்றைக் கொடுத்தவர்களைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது. துடைப்பதற்கு என் கடையிலிருந்து இனி ஒரு துண்டு ரொட்டியும் வராது.

கடைசியாக ஒன்று. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் புத்தகத்தின் முதல் தாளில், தொலைந்தால் எங்கே சேர்க்க வேண்டும் என்று எழுதி வைப்பது வழக்கம். அதையும் துடைத்திருக்கிறார்கள். எனக்கு மனப்பாடம் என்பதால் மறுபடி எழுதுகிறேன்: “இந்தப் புஸ்தகம் தொலைஞ்சா, எடுத்தவங்க தோதோஸ் சாந்தோஸ் ரொட்டிக்கடையில குடுங்க. அடிக்க மாட்டோம். ரொட்டி தருவோம். இப்படிக்கு எஃப்ராயின்.”

புத்தகம் தொலைந்துதான் போயிற்று. எடுத்தவர் தாங்கள். திங்கட்கிழமைக்குள் கொண்டுவந்து கொடுத்தால் அடுப்பை மூட்டி, சூடாகவே ரொட்டி தருவேன், என் தம்பி வாக்குக் கொடுத்திருக்கிறான். அடிக்க மாட்டோம் என்றதும் அவன்தான். அதில் நான் கையெழுத்துப் போடவில்லை.

இடம்: குவெங்கா
நாள்: 15.8.1974, வியாழன்

இப்படிக்கு,
ஸோய்லா கிஸ்பி
(எஃப்ராயினின் அக்கா)