புஷ்பத்தின் பாதி

நவம்பர் 18, செவ்வாய்

இன்று முதல் நான் கனடாவின் மின்சார மந்திரி. எழுபது லட்சம் வீடுகள் என் நிலவறையை நம்பி இருக்கின்றன. இதைப் புஷ்பத்திடம் அறிவித்தேன். மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, “பத்தாலை பிரிச்சா ஏழு லட்சம். இன்னும் ஒருக்காப் பிரியுங்கோ” என்றாள். கல்யாணமான நாள் தொட்டு என் கதையைப் பத்தால் பிரித்துத்தான் கேட்கிறாள்.

நடந்தது இதுதான். நிலவறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பற்றரி. ஊரில் கிராம அதிகாரிக்கு இருப்பதுபோல் தொந்தியும், வாய் திறக்காத கௌரவமும். அதனால் விதானையார் என்று பெயர் சூட்டினேன். கடுங்குளிரில் ஊர் முழுக்க ஹீற்றரை முறுக்கும் நேரம் கரண்டுக்குத் தட்டுப்பாடு வரும். அப்போது ஒரு கம்பனி எங்களைப் போன்ற வீடுகளின் பற்றரிகளையெல்லாம் ஒன்றாக இணைத்து, ஒரே மின்நிலையம் போல இயக்கும். எடுத்த கரண்டுக்குப் பனிக்காலம் முடிய பில்லில் கழிவு தருவார்கள். அக்காவின் மகன் சாம்பவன் எலக்ட்ரீசியன். அதைச் சுவரில் பூட்டியதும் அவன், கம்பனியில் சேர்த்துவிட்டதும் அவன்.

ஆனால் விதானையாரை வாங்கியது வியாபாரத்துக்கு இல்லை. அந்த ஐஸ் மழை வருஷம் கரண்ட் போய், புஷ்பத்தின் ஒட்சிசன் மிசின் நின்று, சிலிண்டரும் கையுமாக லாசாலில் அக்கா வீட்டுக்கு ஓடினோம். அந்தப் பயம் அவளை விட்டுப் போகவே இல்லை.

போனில் ஒரு கோடு, கோட்டில் ஒரு புள்ளி. புள்ளியை இழுத்து வைத்தால் அந்த அளவு கரண்டைக் கம்பனி தொடாது. “எவ்வளவு வைக்கிறது மாமா?” என்று சாம்பவன் கேட்டான். பதில் சொன்னது புஷ்பம்.

“பாதி எனக்கு. கரண்ட் நிண்டாலும் நான் மூச்சு விடோணும். மற்றப் பாதியை வித்து என்னைக் கப்பல்லை கூட்டிக்கொண்டு போங்கோ.”

“அட்லாண்டிக்கைக் கடக்கிறம். ரெண்டு மாசம். கப்பலுக்குள்ளை யானைச் சவாரியும் இருக்கு.”

“லவாலுக்குப் போற பாதை போதும்.”

பாதை என்று அவள் சொன்னது, கோடைகாலத்தில் எங்கள் இல்-பிசார் தீவிலிருந்து ஆற்றின் எதிர்க்கரைக்குக் கார் ஏற்றிப் போகும் தட்டைப் படகை. அந்தக் கரையில் நிற்பவன் தும்மினால் இங்கே கேட்கும். இத்தனை வருஷம் இந்தத் தீவில் இருந்தும் நாங்கள் ஒருநாளும் ஏறவில்லை. எப்போதும் பாலத்தால்தான் ஓட்டம்.

டிசம்பர் 9, செவ்வாய்

கம்பனியின் முதல் அழைப்பு. பின்னேரம் விதானையார் கண் விழித்தார். நிலவறையில் இரண்டு கதிரை போட்டு, பிளாஸ்கில் தேத்தண்ணி வைத்து, படம் பார்ப்பதுபோல் இருந்து பார்த்தோம். பார்க்க ஒன்றுமில்லை. போனில் ஓர் அம்புக்குறி வீட்டிலிருந்து தெருப்பக்கம் ஓடுகிறது, அவ்வளவுதான். பக்கத்தில் அவளுடைய மிசின் புஸ்... புஸ்... என்றது.

“ஆரின்ரை வீட்டுக்குப் போகுது?”

“பிரதமர் வீட்டுக்கு. மனுசன் குளிருக்குள்ளை நிக்கிறார், நான் காப்பாத்திறன்.”

“பிரதமரைப் பத்தாலை பிரிச்சா பக்கத்து வீட்டு மாக்கிரட்.”

சிரித்தாள். சிரிப்பு இருமலானது. பிறகும் சிரித்தாள்.

டிசம்பர் 24, புதன்

விதானையாருக்கு நத்தார் லீவும் இல்லை. காலையும் மாலையும் வேலை. சம்பளம் எனக்கு. முதலாளித்துவம் என்றால் இதுதான்.

ஜனவரி 14, புதன்

இருமல் சளியாகியிருக்கிறது. லொங்குய்யிலிருந்து மகள் வித்தியா வந்து ஏசினாள். “அப்பா, பகிடி விட்டது போதும். டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ.” நான் பகிடி விடவே இல்லை. என் முகம் அப்படி அமைந்துவிட்டது.

ஜனவரி 20, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். அம்புலன்சில் ஏறும்போது அவள் சொன்ன கடைசி உத்தரவு: “என்ரை பாதியை வித்துப்போடாதேங்கோ, நான் திரும்பி வருவன்.”

விற்கவில்லை. புள்ளி பாதியில் நிற்கிறது.

ஜனவரி 27, செவ்வாய்

புஷ்பம் போய்விட்டாள்.

பெப்ரவரி 1, ஞாயிறு

சனம். சாப்பாடு. சனம். எல்லோரும் என்னிடம் ஒரு பகிடியை எதிர்பார்க்கிறார்கள் போல இருந்தது. நான் வாசலில் கிடந்த சப்பாத்துகளைச் சோடி சேர்த்து அடுக்கினேன்.

பெப்ரவரி 6, வெள்ளி

கம்பனி போனுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறது. பிரெஞ்சு முதலாளிகளிடம் ஏச்சு வாங்கி வாங்கியே படித்த பிரெஞ்சு எனக்கு. ஒரு சொல்லும் தப்பாது. மேலே பச்சை நிறத்தில் கைதட்டும் படம். பிராவோ! உங்கள் வீட்டின் மின்பாவனை முன்பைவிடக் குறைந்திருக்கிறது, இப்படியே தொடருங்கள்.

கீழே கோட்டுப் படம். மிசினும் அவள் அறை ஹீற்றரும் ஓடிய வரை கோடு ஓர் உயரத்தில் போகிறது. இருபதாம் தேதி படியிறங்குகிறது. அதன் பிறகு தரையோடு கிடக்கிறது.

பிராவோவாம். ஆருக்கடா பிராவோ? நான் என்ன செய்தனான்? லைற் நூத்தனானா? ஹீற்றரைக் குறைச்சனானா? என்ரை மனிசி மூச்சு விடேல்லை, அவ்வளவுதானே — அதுக்குக் கை தட்டுறியளா?

அவளுடைய அறைக்குப் போனேன். மிசினை வாடகைக்குத் தந்தவர்கள் இன்னும் எடுக்க வரவில்லை. சுவிற்சைப் போட்டேன். புஸ்... புஸ்... என்று தொடங்கியது. ஹீற்றரையும் அவளுக்குப் பிடித்த அளவுக்கு முறுக்கிவிட்டேன். கோடு ஏறட்டும்.

பெப்ரவரி 8, ஞாயிறு

வித்தியா சாப்பாடு கொண்டு வந்தாள். சப்பாத்தைக் கழற்றும்போதே அவளுக்குக் கேட்டுவிட்டது. ஓடிப்போய் அறைக் கதவைத் திறந்தாள். வெறும் கட்டில். குழாயின் முனை தலையணையில் கிடந்து காற்று விட்டுக்கொண்டிருந்தது.

“அப்பா... ஆருக்கு இது?”

ஆயிரம் பொய் சொல்லத் தெரிந்தவன் நான். குழாயின் முனையைத் தலையணையில் நேராக்கி வைத்தேன்.

நிற்பாட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கட்டிலின் காலடியில் இருந்துவிட்டாள். நானும் இருந்தேன். கொண்டு வந்த புட்டு ஆறிப்போனது.

பெப்ரவரி 15, ஞாயிறு

சாம்பவன் வந்தான். நல்ல பொடியன், மனதில் கள்ளம் இல்லை. அதனால்தான் குத்தியது.

“மாமா, கோவிக்காதேங்கோ. இந்தக் கிழமையெல்லாம் கடுங்குளிர், கம்பனி ஒவ்வொரு நாளும் கூப்பிடுது. இனி அந்தப் பாதியையும் விட்டா நல்ல காசு வரும்.”

“அது புஷ்பத்தின்ரை.”

“மாமி இல்லையே மாமா.”

“முப்பத்தொராம் நாள் முடியும்வரைக்கும் அவள் இந்த வீட்டுக்குள்ளைதான். அந்தியேட்டிச் சடங்கு செய்யாமல் ஆரடா அனுப்பினது? ஐயரைக் கேட்டுப் பார்.”

“கம்பனிக்கு அந்தியேட்டி விளங்காது மாமா.”

“விளங்காட்டி நீ பிரெஞ்சிலை விளங்கப்படுத்து.”

அவன் என் போனில் புள்ளியைப் பார்த்தான். தொடவில்லை. போகும்போது என் தோளைப் பிடித்துவிட்டுப் போனான்.

பெப்ரவரி 26, வியாழன்

அந்தியேட்டி காலையில் முடிந்தது. ஐயர் மந்திரத்தைச் சுருக்கினார் என்று வித்தியாவுக்குச் சந்தேகம். படையலுக்குப் புஷ்பத்துக்குப் பிடித்த எல்லாம் வைத்தோம்: ஒடியல்கூழ், இறால் வடை, கடைசியில் வித்தியா ஓடிப்போய் டெப்பனர் கடையில் வாங்கி வந்த உப்புச் சிப்ஸ். டொக்டர் வேண்டாம் என்று சொன்ன சிப்ஸ். இனி ஆர் தடுக்கிறது?

மத்தியானம் மிசின்காரர் வந்தார்கள். குழாயைச் சுற்றி, பெட்டியில் போட்டு, கையெழுத்து வாங்கி, “பொன் ஜூர்னே” என்று நல்ல நாள் வாழ்த்திவிட்டுப் போனார்கள். வீட்டின் சத்தம் அவர்களோடு போனது.

பின்னேரம் கம்பனி கூப்பிட்டது. நிலவறைக்கு இறங்கினேன். இரண்டு கதிரைகளும் டிசம்பரில் போட்ட இடத்திலேயே இருந்தன. ஒன்றில் இருந்தேன். போனை எடுத்து, ‘புஷ்பம், விடட்டே?’ என்று கேட்டேன். விதானையார் வழக்கம்போல் வாய் திறக்கவில்லை.

புள்ளியை அடிவரைக்கும் இழுத்தேன். அம்புக்குறி தெருப்பக்கம் ஓடத் தொடங்கியது.

மேலே வந்து சாம்பவனுக்குப் போன் எடுத்தேன். “மாமியின்ரை கரண்ட் இப்ப எவடத்தாலை போகுதடா? பாலம் தாண்டியிருக்குமே?”

“கரண்ட் கனதூரம் போகாது மாமா. கிட்ட ஆருக்குத் தேவையோ அவையளுக்குத்தான் போகும். பக்கத்து வீட்டுக்கு.”

ஜன்னலால் பார்த்தேன். மாக்கிரட்டின் குசினியில் வெளிச்சம். மனுசி அடுப்பில் பெரிய பானை வைத்துக் கிண்டிக்கொண்டு நின்றது. சூப்பாக இருக்கலாம். மூடியைத் திறக்க ஆவி எழுந்து ஜன்னல் கண்ணாடியை மறைத்தது. துடைத்துவிட்டுப் பிறகும் கிண்டியது.

பானை கொதித்து இறக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 22, புதன்

பில்லில் கழிவு வந்துவிட்டது. உலகப் பணக்காரர் வரிசையில் எனக்கு இடமில்லை. பாதைப் படகு ஓடத் தொடங்கட்டும்.

மே 10, ஞாயிறு

வித்தியா தானும் வாறன் என்றாள். வேண்டாம் என்றேன். காரையும் கரையில் விட்டுவிட்டு நடந்து ஏறினேன். நல்ல வெயில். இரண்டு சைக்கிள்காரர், ஒரு வான், நான்.

படகு கரையை விட்டது. கம்பியில் கைவைத்து நின்றேன். வாயில் வழக்கம்போல் வந்துவிட்டது: “பாத்தியே புஷ்பம், அட்லாண்டிக். கண்ணுக்கெட்டின தூரத்துக்குக் கரையே இல்லை.”

பக்கத்தில் நின்ற சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பத்தால் பிரிக்க ஒருவரும் இல்லை. ஆறு அவ்வளவு அகலத்துக்கும் அப்படியே கிடந்தது.