நாலாவது பத்தி

செண்பகனூர்
3.7.2025

அன்புத் தங்கை மிஸ்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நானும் உன் மதினி ஸைமாவும் சுகம். வடகவுஞ்சி ரோட்டு வியூ பாயின்டில் நம் டீக்கடையும் சுகம்.

உன்னிடம் ஒரு சோலி இருக்கிறது. அங்கே கடை போட்டிருக்கும் ஆறு பேரும் சேர்ந்து போர்டு வைக்கப் போகிறோம். வருகிற டூரிஸ்ட்டெல்லாம் “இந்த மலை எப்பிடிங்க வந்துச்சு?” என்று என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள். நான் டீ ஆற்றுவேனா, மலைக்குப் பதில் சொல்வேனா? திருச்சி காலேஜில் நிலவியல் நடத்துகிற தங்கை இருக்கும்போது எனக்கென்ன கவலை! எளிமையாக நாலு பத்தி எழுதி அனுப்பு. போன் வேண்டாம், தாளில் அனுப்பு. போனைப் பார்த்து எழுதினால் கை தடுமாறுகிறதாம் பெயின்டர் குழந்தைவேலுக்கு.

உன் அண்ணன்,
ஜுபைர்

திருச்சி
12.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். தாளை இதோடு வைத்திருக்கிறேன். மூன்று நாள் அடித்து அடித்து எழுதினேன். இந்த நீலச் சாம்பல் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர், ஐம்பது கோடி ஆண்டுக்கு முன் பூமிக்கு வெகு ஆழத்தில் வெந்து இறுகியது, மேலே இருந்ததையெல்லாம் மழையும் ஆறும் அரித்துக்கொண்டு போன பிறகுதான் வெளிச்சம் பார்த்தது. இது முதல் பத்தி. செங்குத்துச் சரிவும் மேகமும் அடுத்த இரண்டு.

நாலாவதை இங்கேயும் எழுதுகிறேன்: “பாறை உறுதியானது. அதன்மேல் போர்த்தியிருக்கும் செம்மண் அப்படியல்ல. தண்ணீர் இரண்டுக்கும் நடுவே இறங்கினால் மண் மொத்தமாக வழுக்கிவிடும். மழை வலுத்தால் சரிவின் அடியில் நிற்காதீர்கள்.”

நம் கடையும் அந்தச் சரிவின் அடியில்தான் இருக்கிறது அண்ணே. மதினியையும் ஒரு தடவை படிக்கச் சொல்லுங்கள்.

தங்கை,
மிஸ்பா

செண்பகனூர்
20.8.2025

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். போர்டு வைத்தாயிற்று. போட்டோ இதோடு இருக்கிறது, பார். குழந்தைவேல் மூன்று பத்தி எழுதி முடித்துவிட்டு, “அண்ணே, பலகையில எடமில்ல. நாலாவது பத்தி, இல்லாட்டி தங்கச்சி பேரு. எதாச்சும் ஒண்ணுதேன்” என்றார். பேரை எழுதச் சொல்லிவிட்டேன். “முனைவர் மிஸ்பா, நிலவியல் பேராசிரியர்” என்று பெரிய எழுத்தில். நம் வீட்டில் முதல் டாக்டர் பட்டமாயிற்றே, விடுவேனா? மண்ணு வழுக்கும் என்று போட்டால் எவன் வண்டியை நிறுத்துவான் என்று மற்றக் கடைக்காரர்களும் சொன்னார்கள்.

உன் மதினிக்குப் போர்டு மனப்பாடம். டீ கொடுக்கும்போதே பாடம் நடத்துகிறாள். “அம்பது கோடி வருசமா அசையாம கெடக்குங்க” என்று அவள் சொல்வதைக் கேட்க நீ வர வேண்டும்.

அண்ணன்,
ஜுபைர்

திருச்சி
29.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

போட்டோவை டிபார்ட்மென்டில் எல்லோரிடமும் காட்டினேன். என் பெயர் அத்தனை பெரிதாக எங்கேயும் வந்ததில்லை. நாலாவது பத்தி இல்லாதது ஒரு மாதிரிதான் இருந்தது. பரவாயில்லை அண்ணே, அதற்குச் சின்னதாக இன்னொரு போர்டு அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம். மதினிக்கு என் ஸலாம்.

மிஸ்பா

திருச்சி
5.12.2025

அண்ணே,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். மதினி மௌத்தான செய்தி கேட்டு ஓடி வந்தேன். மூன்று நாள் உங்கள் வீட்டில் இருந்தேன். நான் உள்ளே வந்தால் நீங்கள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டீர்கள்.

திட்டுங்கள் அண்ணே. படித்தவள் நான். அந்தப் பத்தி எதற்கென்று எனக்குத் தெரியும். பெயரைப் பார்த்ததும் வாய் அடைத்துப்போயிற்று எனக்கு. பரவாயில்லை என்று எழுதினேனே, அந்தக் கையை என்ன செய்வது?

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு நான் வரலாமா? ஆமாம், இல்லை என்று ஒரு வரி போடுங்கள்.

தங்கை,
மிஸ்பா

செண்பகனூர்
27.12.2025

மிஸ்பாவுக்கு,

நாற்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை முடிந்தது.

மண் சரிந்த அன்றைக்கு நான் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கடை முருகேஸ்வரி, “ஸைமாக்கா, வெரசா ரோட்டுக்கு வாங்க” என்று கத்தியிருக்கிறாள். “அம்பது கோடி வருசமா அசையாதது இன்னைக்கா அசையப்போகுது? நீயும் பாறையோரமா வந்து நில்லு” என்றாளாம் இவள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

நீ எழுதியது சரி. அதை விட்டுப் பேரைப் போடச் சொன்னவன் நான். உன்மேல் குற்றம் இல்லை என்று ஊரெல்லாம் சொல்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் பலகைதான் தெரிகிறது. என்னால் முடியவில்லை. இனி வராதே, எழுதாதே.

நேற்றுக் குழந்தைவேலைக் கூட்டிக்கொண்டு போனேன். கடை இருந்த இடம் மண்ணாகக் கிடக்கிறது. போர்டு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் என்பதால் கீறல்கூட இல்லை. உன் பேரை அழித்துவிட்டு நாலாவது பத்தியை எழுதச் சொன்னேன். கொஞ்சம் பொடி எழுத்தாக எழுதினார். அந்த இடத்திலேயே முழுசாக அடங்கிவிட்டது.

ஜுபைர்