விஜயா அக்காவைத் திட்டிய ஆமை

சனிக்கிழமை, இரவு

பள்ளிப் போட்டிக்கு நான் செய்யும் உடற்பயிற்சிச் செயலியை இன்று பக்கத்து வீட்டு விஜயா அக்காவிடம் கொடுத்துப் பார்த்தேன். 'புதியவர்' என்று பதிந்தவர் பாதியில் நிறுத்தினால் திரையில் ஓர் ஆமை வந்து "சோம்பேறி!" என்று கத்தும். என் குறும்புதான்.

'புதியவர்' என்று பதிந்து மூன்று முறை உட்கார்ந்து எழுந்ததும் அக்கா உள்ளே ஓடினார். ஆமை கத்தியது. சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். படுத்த படுக்கையாக இருக்கும் தன் அப்பாவைத் தனியாகத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

"உன் ஆமை என்னையாடா திட்டுது?"

"சும்மா விளையாட்டுக்கு லா, அக்கா."

"எடை குறைக்க, தசை ஏத்தன்னு ரெண்டுதான் போட்டிருக்க. அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன உடம்பு, கனம். தூக்குறப்ப எனக்கு இடுப்பு பிடிக்காம இருந்தா போதும். அதுக்கு ஒன்னும் இல்லையா?"

ஆமையை அழித்துவிட்டேன். இலக்குகளில் மூன்றாவதாக 'ஒருவரைத் தூக்க' என்று சேர்த்தேன். அதற்கு எந்தப் பயிற்சி சரி என்று தெரியவில்லை. கிளினிக்கில்தான் கேட்க வேண்டும். அதுவரை காலையில் போய் நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன்.

தூக்குவதில் அக்கா கைதேர்ந்தவர். நான்தான் 'புதியவர்'.