புதுப் போனுக்கு ‘வந்தாச்சு’

ஜூன் 11, மண்டபம்

கச்சான் காற்று பிய்த்து எடுக்கிறது. மாடியில் காயப்போட்ட துணி பக்கத்து வீட்டு முருங்கையில். லேப்டாப் விசைகளுக்குள் மணல்.

மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது. படகு கட்டும் ஜெட்டி முழுக்கப் பெயிண்ட் வாடை. அண்ணன் படகுக்கும் பச்சை அடித்தாயிற்று. கடலுக்குப் போக எல்லாருக்கும் கை அரிக்கிறது. எனக்கும்தான். நான் போகவில்லை, என் ஆப் போகிறது.

‘வந்தாச்சு’. படகு கரையை நெருங்கியதும் வீட்டுப் போனுக்குத் தானாக ஒரு செய்தி. அவ்வளவே. மதினிக்காக எழுதியது. அண்ணன் செந்தில் கடலுக்குப் போனால் திரும்பும்வரை வளர்மதி மதினிக்குச் சோறு இறங்காது, வெறும் காப்பித் தண்ணிதான். இப்போது ஜெட்டியில் பாதிப் படகில் இந்த ஆப் இருக்கிறது. சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே எத்தனையோ எழுதித் தள்ளுகிறேன், இதற்குத்தான் தெருவில் பெயர்.

சிக்கல்: தடைக்காலத்தில் கேரளாப் பக்கம் வேலைக்குப் போனவர்கள் எல்லாம் புதுப் போனோடு திரும்பியிருக்கிறார்கள். புதுப் போனில் பின்னால் ஓடுகிற ஆப்பை அதுவே தூங்க வைத்துவிடுகிறது. என் பழைய ஆப் அதில் பிணம்.

செய்ய வேண்டியவை:
– முழுக்கத் திரும்ப எழுது. ஒரு தடவை எழுதினால் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓட வேண்டும்.
– முருங்கையில் இருந்து துணி.
– முதல் நாள் படகு கிளம்புமுன் முடி!!

ஜூன் 12

வெயில். கரண்ட் போய்ப் போய் வந்தது.

பழைய ஆப்பில் பக்கம் பக்கமாக எழுதியதைப் புதுசில் கால்வாசியில் முடித்துவிட்டேன். திரையில் ஒன்றை மாற்றினால் இரண்டு போனிலும் உடனே மாறுகிறது. தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். மதினி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் ஆப் ஸ்டோருக்கு அனுப்பினேன், சாயங்காலமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆப் மூடியிருக்கும்போது ஆள் இருக்கும் இடம் எதற்கு, வீடியோ எடுத்து விளக்கு என்கிறார்கள். வலை இழுக்கிறவன் எந்தக் கையால் ஆப்பைத் திறப்பான்? தடைக்காலத்தில் எந்தப் படகில் ஏறி வீடியோ எடுப்பேன்? எதற்கெடுத்தாலும் அனுமதி, அனுமதி. எரிச்சல்.

குளிக்கும்போது பளிச்சென்று வந்தது. நடுக்கடலில் சிக்னல் கிடையாது. கரை நெருங்கினால்தான் வரும். ஆக, சிக்னல் வந்தால் கரை வந்தது! இடம் கேட்கவே வேண்டாம். அனுமதியும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். ஈரத் தலையோடே எழுதினேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூன் 14

ஸ்டோர் ஏற்றுக்கொண்டது! அண்ணனின் புதுப் போனில் போட்டாயிற்று. சிக்னலை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் மதினி போன் ‘வந்தாச்சு’ என்றது. மதினிக்குச் சிரிப்பு.

அண்ணன்: “கடலுக்குள்ள போனா நான் ஃபிளைட் மோடுல போட்டுருவேன்த்தா. இல்லைன்னா இலங்கை டவரு பிடிச்சு இருக்கிற காசை வழிச்சிரும்.”

“அதைப் போட்டா ஆப் வேலை செய்யாதுண்ணே. அப்படியே விடு. காசு போனா நான் போட்டு விடுறேன்.”

சிக்னல் எங்கே கிடைத்தாலும் நழுவக் கூடாதே என்று ரோமிங்கையும் போட்டு விட்டேன். எல்லாம் கச்சிதம். நாளை மறுநாள் கிளம்புகிறார்கள்.

ஜூன் 16

காலையில் படகெல்லாம் போயிற்று. வெடிச் சத்தம், ஜெட்டியில் கூட்டம், காது அடைத்துவிட்டது. நாளைக் காலைதான் திரும்புவார்கள்.

பொழுது சாயும் நேரம். அடுப்படியில் இருந்து மதினி கத்தினாள். “கவி! வந்தாச்சு வந்துருச்சு!”

குதித்தேன், உண்மையாகவே குதித்தேன். புதுப் போன், புது ஆப், முதல் நாளே வேலை செய்கிறது!

அப்புறம்தான் உறைத்தது. காலையில் போன படகு அதற்குள் எப்படி?

“இஞ்சினு கிஞ்சினு போச்சா? யாருக்கும் அடிகிடி பட்டுருச்சா?” மதினி செருப்பில்லாமல் ஜெட்டிக்கு ஓடினாள். நானும் பின்னால். படகு இல்லை. ஒரு படகும் இல்லை.

அண்ணனுக்குப் போன் போட்டாள். பதிவு செய்த ஒரு பெண் குரல். சிங்களம்.

மதினி என்னைப் பார்த்தாள். அண்ணன் போன் பிடித்தது நம் கரையை இல்லை, அந்தக் கரையை, இலங்கையை. முந்தாநாள் என் முகத்துக்கு நேரே சொன்னான். காதில் வாங்கினேனா?

“அப்ப அந்தப் பக்கம் போயிட்டாரா? நேவிக்காரன் பிடிச்சுட்டுப் போயிட்டா என்ன செய்வேன்?”

நானும் போட்டுப் பார்த்தேன். அப்புறம் அந்தச் சிக்னலும் போய்விட்டது.

ஜூன் 17

காற்று அடங்கியிருக்கிறது.

காலையில் இன்னொரு ‘வந்தாச்சு’. மதினி நம்பவில்லை. போனை என் கையில் திணித்துவிட்டு ஜெட்டிக்கே போனாள், நானும் பின்னாலேயே. பச்சைப் படகுகளுக்கு நடுவே அண்ணன் படகு. நல்ல இறால். ஐஸ் பெட்டி நிறைய.

அண்ணன் இறங்கினான், மதினி முகத்தைப் பார்த்தான். நான் நடந்ததைச் சொன்னேன்.

“டவரு காத்துல வரும்த்தா. நான் எல்லைக் கோட்டைத் தாண்டலை.”

“நான் ஒண்ணும் கேக்கலையே” என்றாள் மதினி. கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

மத்தியானம் பிழையைச் சரி செய்தேன். ஒவ்வொரு டவரும் தான் எந்த நாடு என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கேட்டுப் பார்க்க ஒரே வரி. அந்த ஒரு வரியை எழுதாத அறிவாளி நான். ஐபோனில் அது முடியாது, இடம் கேட்டே ஆக வேண்டும். இப்போதுதான் படகு போகிறதே, வீடியோ எடுக்கலாம்.

எழுதும்போதே இன்னொன்று தோன்றியது. அந்தக் கரை டவர் தெரிந்தால் போன் படகிலேயே கத்தலாமே, திரும்பு திரும்பு என்று! உட்கார முடியவில்லை. அண்ணனிடம் ஓடினேன்.

“நல்லாத்தான் இருக்கு. எனக்கு மட்டும் சொல்லட்டும். வீட்டுக்குச் சொல்ல வேணாம். டவரு சும்மா சும்மா வரும், இவ இங்கன உக்காந்து அழுவா.”

மதினி மீன் அலசிக்கொண்டே: “தெரிஞ்சா அழுவேன். தெரியலைன்னா மட்டும் சிரிச்சுக்கிட்டா கெடக்கேன்?”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஜூன் 19

ஆப் மதினிக்காக எழுதியது. போன் அண்ணனுடையது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அன்றைக்குத் திட்டித் தீர்த்த அந்த அனுமதிதான், திரையில் கேட்கிற பெட்டிதான் கடைசியில் வழி. நான் முடிவு செய்ய வேண்டாம், அண்ணனையே கேட்கட்டும். எழுதினேன்:

அந்தக் கரை டவர் தெரிந்தால் வீட்டுக்கும் சொல்லலாமா?
சொல்லலாம் / வேண்டாம்

எதையும் முன்கூட்டியே அழுத்தி வைக்கவில்லை. கை துறுதுறுத்தது. வைக்கவில்லை.

ஸ்டோருக்கு அனுப்பியாயிற்று.

ஜூன் 21

புதுப் பதிப்பு வந்துவிட்டது. விடியும்போதே வெக்கை.

அண்ணன் கிளம்பும்போது கேள்வி திரையில் நின்றது. படித்தான். மதினி வாசலில், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. ஒன்றும் அழுத்தாமல் போனைப் பாலித்தீன் பையில் சுருட்டி மடியில் சொருகினான்.

“அங்கன போய்ப் பாத்துக்கிறேன்.”

போய்விட்டான். மதினி காப்பித் தண்ணி போட்டாள். எனக்கு ஆப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை. முருங்கையில் ஒரு சட்டை இன்னும் தொங்குகிறது, அதை எடுக்கப் போனேன்.

மதினி போனில் சத்தம். நம் கரைச் சிக்னல் அறுந்துபோகுமுன் வந்தது.

செந்தில் சம்மதித்தார். அந்தக் கரை டவர் தெரிந்தால் உங்களுக்கும் சொல்வோம்.

மதினி எழுத்துக்கூட்டி வாசித்தாள். திரும்ப வாசித்தாள்.

“கவி, இது தானா வருதா? அவரு அனுப்புனாரா?”

“அண்ணனே அழுத்துனாத்தான் மதினி வரும்.”

போனை ஜன்னல் திட்டில், கண்ணுக்கு நேராக வைத்தாள். உலை வைத்தாள். சோறு வெந்ததும் தட்டு இரண்டு எடுத்தாள், எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.