நான் சேர்த்த ஒரு சொல்

3 பிப்ரவரி 2025, திங்கள்

தமிழ்ச்செல்வி எங்கள் கம்பெனியில் சேர்ந்து இன்றோடு ஒரு மாதம். செங்கல்பட்டு பாலிடெக்னிக்கில் என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியவள். அவளுக்கு இரண்டு அரியர், எனக்கு ஒன்றுகூட இல்லை. இப்போது புது ஷெட்டுக்கு நாற்பது கேமரா போடும் வேலை அவளுக்கு. மறைமலைநகர் பிளான்ட்டின் நெட்வொர்க்கை ஒன்பது வருடமாகப் பார்ப்பவள் நான். மேனேஜர் பார்த்தசாரதி சார் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

5 பிப்ரவரி, புதன்

கேமராக்கள் ஓடத் தொடங்கின. கைதட்டினார்கள். மெயின் ரவுட்டரின் சிபியு பாரம் முப்பது சதவீதத்திலிருந்து நாற்பத்தைந்துக்கு ஏறியிருந்தது. தமிழ்ச்செல்வியிடம் சொன்னேன்.

"அது சகஜம்டி ஜெசி, பயப்படாத" என்று எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டினாள்.

பயமா? எனக்கா?

அவள் கேமராக்கள்தான் பாரம் என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். ரவுட்டரில் அவற்றின் படங்களைக் கடக்க விடும் அனுமதி வரியின் கடைசியில் 'லாக்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டுக் கிளம்பினேன். இனி எல்லாம் பதிவாகும்.

6 பிப்ரவரி, வியாழன்

காலை ஷிப்ட் வேகம் பிடித்ததும் எல்லாம் படுத்துவிட்டது. சிபியு தொண்ணூற்றெட்டு. டிஸ்பாட்ச் அருணகிரி அண்ணன் போனில் கத்தினார்: "இன்னா மேடம், ஒரு ஸ்லிப்பும் பிரிண்ட் ஆவல! ஏழு லாரி கேட்டாண்ட நின்னுகினு கீது!"

சார் தமிழ்ச்செல்வியைத்தான் கூப்பிட்டார். "நீங்க கேமரா போட்டதுக்கு அப்புறம்தானே இதெல்லாம்?" அவள் முகம் சுருங்கிப்போனது.

எழுத வெட்கமாக இருக்கிறது — இன்று மதியச் சாப்பாடு ருசியாக இருந்தது.

7 பிப்ரவரி, வெள்ளி

பாதிக் கேமராக்களை நிறுத்தியும் எழுபதுக்குக் கீழே இறங்கவில்லை. எந்த வேலை சிபியுவைத் தின்கிறது என்று பட்டியல் எடுத்தேன். சிபியுவைத் தொடாமலே கடந்து போக வேண்டிய தகவல் பாக்கெட்டுகளை, அது ஒவ்வொன்றாக எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறது. நான் சேர்த்த அந்த ஒரு சொல்.

இது தெரியாதவளா நான்? தெரியும். அன்னிக்கு இருந்த ஆத்திரத்துல ஞாபகமே வரல. ஐயோ, நான்தானா?

எடுக்க ஒரு நொடி போதும். எடுத்தால் என் பெயர் பதிவாகும்; உடனே சிபியு இறங்கினால் யார் காரணம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். எடுக்காமல், வீட்டுக்குப் போகும் கோவளம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

8 பிப்ரவரி, சனி

"ப்ரொபேஷன்ல இருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும்" என்றார் சார் அவளிடம். பக்கத்தில்தான் நின்றேன்.

10 பிப்ரவரி, திங்கள்

தமிழ்ச்செல்வி கண்டுபிடித்துவிட்டாள். கேன்டீனுக்குப் பின்னால் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அந்த லாக்க எதுக்குடி போட்ட?"

"சும்மா... பாக்கலாம்னு."

"என்னை மாட்டிவிடவா?"

அதற்குப் பதிலாக நானே கேட்டேன்:

"சார்கிட்ட சொல்லப்போறியா?"

"எனக்கு வேற வேல கீது" என்று போய்விட்டாள்.

அந்தச் சொல்லை அவள் எடுத்ததும் சிபியு நாற்பத்தைந்துக்கே இறங்கியது. மாலை அவள் எழுதிய அறிக்கையைப் பார்த்தேன். காரணம்: ரவுட்டர் அமைப்பில் பிழை, நீக்கப்பட்டது. யார் செய்தது என்று இல்லை.

நன்றி வர வேண்டும். பொறாமைதான் வந்தது. நல்லவள் என்ற பேரும் அவளுக்கேதானா?

11 பிப்ரவரி, செவ்வாய்

அந்த அறிக்கையின் கீழே 'பிழை செய்தது: ஜெசிந்தா' என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாரிடம் கொடுத்தேன். ஏன் செய்தேன் என்பதையும் சொன்னேன். இரண்டு முறை படித்தார். "வெளியில உட்காருங்க" என்றார்.

24 பிப்ரவரி, திங்கள்

ரவுட்டரின் பாஸ்வேர்டு இப்போது தமிழ்ச்செல்வியிடம் மட்டும். நான் பழைய ஷெட்டில் பிரிண்டர்களைப் பார்க்கிறேன். மதியம் போன் செய்தாள்.

"ஜெசி, பெயின்ட் ஷாப் நெட்வொர்க் சுவிட்ச் படுத்துட்ச்சி. ஒயர் எங்க போவுதுன்னு உனக்குதான் தெரியும். வர்றியா?"

பத்து நிமிடம் கழித்துத்தான் போனேன். கூப்பிட்டதும் ஓடி வந்தேன் என்று அவள் நினைத்துவிடக் கூடாது.