நீ பொருள் தேடிய சொற்கள்

அக்கா,

நேற்று மகள் பள்ளி ஆண்டுவிழா நோட்டீசைக் கொண்டுவந்து, "கோரஸ்னா என்னம்மா?" என்று கேட்டாள். "கூடி ஆடுதது" என்றேன். "பாடுததும்மா" என்று சிரித்தாள். அப்படி எனக்குச் சொல்லித்தந்த உன்னைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரே ஆர்கெஸ்ட்ராவில் நாம் இருவரும் கோரஸ் பாடினோம். பகலில் நீ தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டினாய். பழைய பேப்பர் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த ஆங்கில அகராதி ஒன்று எப்போதும் உன் பையில் இருக்கும். கச்சேரிக்குப் போகும் வேனில் அதை மடியில் விரித்துக்கொள்வாய். சொல்லின் பொருள் மட்டும் உனக்குப் போதாது, அது எங்கிருந்து வந்தது என்றும் தெரிய வேண்டும்.

"ஏட்டி, ஆர்கெஸ்ட்ரான்னா கிரேக்கத்துல ஆடுத எடமாம். கோரஸ்காரங்க அங்கன ஆடிக்கிட்டே பாடுவாங்களாம். வாத்தியக்காரங்க வந்து ஒக்காந்ததெல்லாம் பொறவுதான்."

"அப்போ நாமதான் ஆர்கெஸ்ட்ராவாக்கா?"

"பின்ன?"

பாலே நடனமும் பாலட் என்கிற கதைப்பாட்டும் ஒரே வேரில் பிறந்தவை என்று கண்டுபிடித்த அன்று, "ஒண்ணு ஆடப் போச்சு, ஒண்ணு பாடப் போச்சு" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாய்.

கழுகுமலையில் ஒரு கல்யாண வரவேற்பு. முதல் பாட்டுக்காரிக்குத் தொண்டை கட்டிவிட்டது. "ஒங்க ரெண்டு பேர்ல யாரு பாடுதீங்க?" என்று கேட்டார் குழுவை நடத்திய அண்ணாச்சி. அவள் பாடவிருந்த பாட்டை நீ மாதக்கணக்கில் பாடிப் பழகியிருந்தாய். நீ வாய் திறப்பதற்குள், "நான் பாடுதேன்" என்றேன்.

உன் பாட்டு நோட்டை என்னிடம் நீட்டினாய். நான் மைக் பக்கம் போகாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, "சோலோன்னா இத்தாலியில 'தனியா'ன்னு அர்த்தம். ஆனா நான் பின்னால நிக்கேம்லா. பாடுட்டி" என்றாய்.

அன்றிலிருந்து முன் மைக் எனக்கு. நீ இன்னும் மூன்று வருடம் பின்னாலேயே நின்றாய். பிறகு மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தாய்.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது, அதுவரை சொல்லாததைச் சொன்னேன். "அன்னைக்கு நீதாம்க்கா பாடியிருக்கணும்."

பரவாயில்லை என்பாய் என்று எதிர்பார்த்தேன்.

"ஆமா," என்றாய். "நாந்தான் பாடியிருக்கணும்."

பஸ்ஸில் திரும்பும்போது உன்மேல் கோபம்கூட வந்தது. நாலு நாளில் நீ போய்விட்டாய். இத்தனை வருடத்தில் மேடையில் கிடைத்த கைதட்டல் எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. மழுப்பாமல் நீ சொன்ன அந்த "ஆமா" மட்டும் அப்படியே இருக்கிறது, அக்கா. யார் வந்து ஆறுதல் சொன்னாலும் அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.