‘நலம்’ என்று எழுதிய குப்பி

ஊசி குத்திய இடத்தில் ஸ்பிரிட் வாசனை இன்னும் போகவில்லை. இன்று நம் ஆய்வுக்கூடத்துக்கு ரத்தம் கொடுத்தது நான். நீ பழக்கிவிட்டபடி குப்பியில் ‘நலம்’ என்று எழுதினேன். பயமாக இருக்கிறதடி.

ரத்தப் புற்று வந்த வெள்ளணுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், ஒப்பிட நோயில்லாத வெள்ளணுவும் வேண்டும். அதற்கு வெளியே ஆள் தேடாமல் நமக்குள்ளேயே முறை வைத்துக் கொடுப்போம். நடவு சமயத்தில் ஒரு திங்களன்று உன் முறை வந்தது. ஞாயிறு முழுக்க உன் ஊர் நன்னிலத்தில் நாற்று நட்டுவிட்டு, காலையில் தஞ்சாவூர் பஸ் பிடித்து வந்திருந்தாய். “சீக்கிரம் எடு. நடவு நட்ட உடம்பு, உன் மெஷினே அசந்துபோகும்” என்றாய். காலெல்லாம் ஏன் கன்றிப்போயிருக்கிறது என்று கேட்டேன். “வரப்புல வழுக்கிட்டேன், விடு.” நானும் விட்டுவிட்டேன்.

ரத்தத்தைப் பிசினில் இறுகவைத்து, மெலிதாகச் சீவி நுண்ணோக்கித் திரையில் ஏற்றினேன். நல்ல வெள்ளணுக்கள் பலவற்றில் உட்கரு மடல் மடலாகப் பிரிந்திருக்கும். உன்னுடையதில் பார்த்ததெல்லாம் அணுவையே அடைத்துக்கொண்டு பருத்த ஒற்றை உட்கரு. பேஷண்ட் குப்பியோடு லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தெரிந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமே என்ற பயம்தான் முதலில் வந்தது. யாரிடமும் மூச்சு விடாமல் உன்னிடம் மறுபடி ரத்தம் கேட்டேன். “என்னடி, ரத்தக் காட்டேரியா நீ?” என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினாய்.

இரண்டாம் முறையும் அதே உட்கரு. நீ பின்னால் வந்து நின்றாய்.

“இது யாரோடது?”

“பேஷண்ட்டோடது” என்றேன்.

குனிந்து திரையைப் பார்த்தாய். “பாவம், யாரு பெத்த பிள்ளையோ.”

உண்மையைச் சொல்ல எனக்கு மேலும் மூன்று நாள் ஆனது. அழுவாய் என்று நினைத்தேன். “அன்னைக்கு நான் பாவம்னு சொன்னது என்னையேவா?” என்று மட்டும் கேட்டாய். நீ கண்ணை மூடிய பிறகு, முன்பே சொல்லியிருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது என்றார் டாக்டர். எனக்கு அது மனசில் ஏறவில்லை.

என் அணுக்கள் அடுத்த வாரம் திரைக்கு வரும். பார்க்கப்போவது உன் இடத்தில் சேர்ந்திருக்கும் மாலதி. “என்ன தெரிஞ்சாலும் அன்னைக்கே என்கிட்ட சொல்லிடு. லேபிள் மாறிடுச்சுன்னு நினைச்சுக்காதே” என்றேன்.

“ஏங்க்கா இப்படிப் பயப்படுறீங்க?”

குப்பியை அவள் கையில் கொடுத்தேன். எந்த அணு திரையில் ஏறினாலும், யாரு பெத்த பிள்ளையோ என்று உன் குரல் கேட்கிறது. அடுத்த வாரம் மாலதி என்னைக் கூப்பிடும்போதும் கேட்கும்.